நாலரை ரூபாய் வட்டம்

யோகலிங்கத்தின் வீட்டுக்கு அடியில் தங்கம் இருந்தது என்று விசுவமடுவில் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். பண்ணட்டும். அவர் என் தங்கச்சியின் புருஷன். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அங்கே என்ன இருந்தது, என்ன போனது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஒருவருக்கும் தெரியாது. ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்களைப் பெத்த அப்பு குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர். அந்தக் காணியில் பாதியை எனக்கும் பாதியைத் தங்கச்சி சிவதர்சினிக்கும் சீதனமாக எழுதினார். தர்சினிக்குக் கிளிநொச்சியிலிருந்து மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளையோடு ஒரு சைக்கிளும், சைக்கிள் கரியரில் ஒரு தகரப்பெட்டியும் வந்தன. உள்ளே ஏதோ பெறுமதியான சாமான் என்று நினைத்து நான்தான் முதலில் திறந்து பார்த்தேன். பெட்டி நிறையச் சித்திரக்கதைப் புத்தகம். கருப்புக் குதிரை, இடிந்த கோட்டை, முகத்தை மூடிய ஒரு ஆள். "பாழ்கோட்டைக் குதிரைவீரன்" என்று தலைப்பு. ஒன்றை எடுத்தால் அடியிலும் அதே புத்தகம், அதற்கு அடியிலும் அதே புத்தகம். நல்ல மாப்பிள்ளை பார்த்தீர்கள் என்று அன்றைக்கே அப்புவோடு சண்டை பிடித்தேன்.

அந்தப் புத்தகங்களின் கதையை யோகலிங்கம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். நான்தான் காது கொடுக்கவில்லை. அவருடைய மாமா பரமேஸ்வரன் கிளிநொச்சி பஸ் நிலையத்தடியில் புத்தகக்கடை வைத்திருந்தாராம். சென்னையில் அச்சாகும் சித்திரக்கதைகளுக்கு அங்கே விலை இரண்டு ரூபாய். வள்ளத்தில் வருகிறவர்கள் அதைக் கொண்டுவந்து இங்கே மூன்று ரூபாய்க்கு விற்பார்கள். ஒரு முறை அந்தப் பதிப்பகக்காரரே இலங்கைக்கென்று கொஞ்சப் பிரதிகளைத் தனியாக அடித்துக் கப்பலில் அனுப்பினார். படமும் கதையும் தாளும் ஒன்றுதான். அட்டையின் மூலையில் இருந்த மஞ்சள் வட்டத்துக்குள் மட்டும் இரண்டு ரூபாயை எடுத்துவிட்டு "இலங்கை விலை ரூ. 4.50" என்று போட்டிருந்தார். மூன்று ரூபாய்க்குக் கிடைக்கும் புத்தகத்தை நாலரை கொடுத்து வாங்க எங்கள் சனத்துக்கு என்ன விசரா? மாமாவின் கடையில் கட்டு கட்டியபடியே கிடந்தது. பிறகு கலவரங்கள் வந்தன, கப்பல் நின்றது, கடையும் போனது. கட்டு மருமகனுக்கு வந்தது.

அதிகம் பேசாத மனிதர் அவர். வயல் விதைப்பார், கச்சான் கடலை போடுவார், வாய்க்கால் திருப்பி மிளகாய்க்குத் தண்ணீர் மாறுவார். யாரோடும் வம்பு தும்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு இடப்பெயர்விலும் சனம் அரிசியும் சட்டியும் கட்டும்போது அவர் அந்தப் பெட்டியைக் கட்டினார். துணுக்காய்ப் பக்கம் ஓடியபோதும் கட்டினார், திரும்பி வந்தபோதும் கட்டினார். அதற்காகச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. கடைசிச் சண்டையில் விசுவமடுவை விட்டு ஓட வேண்டி வந்தபோது சைக்கிள் கரியரில் தர்சினி கைக்குழந்தையோடு ஏறினாள். பெட்டிக்கு இடமில்லை. யூரியா பைகளால் சுற்றிச் சுற்றிக் கட்டி, செல் குண்டுக்குப் பதுங்க வீட்டு வளவுக்குள் வெட்டியிருந்த பங்கரின் அடியில் இறக்கி, பனங்குற்றிகளை உள்ளே சரித்து, மண்ணால் மூடினார். அடையாளத்துக்கு மேலே அம்மியைக் கவிழ்த்து வைத்தார்.

திரும்பி வந்தபோது அம்மியும் இல்லை, வீடும் இல்லை. நிலைக்கதவைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வளவெல்லாம் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி எடுக்கிறவர்கள் கிணற்றடிப் பக்கத்தை முதலில் துப்புரவாக்கி, கால் வைக்கலாம் என்று வெள்ளைத் தடி நட்டுத் தந்தார்கள். மிச்சத்துக்கு இன்னும் காலம் எடுக்கும் என்றார்கள். அதற்குள் வீட்டுத் திட்டத்தின் முதல் காசு வந்துவிட்டது. அத்திவாரம் போட்டுக் காட்டினால்தான் அடுத்த காசு. கால் வைக்கக்கூடிய இடம் எதுவோ அங்கேதான் எல்லாரும் கட்டினார்கள். பழைய பங்கர் கிடந்ததும் அந்தத் துண்டுக்குள்தான். யோகலிங்கத்துக்கு அது தெரியும். "புத்தகம்தானே, கிடக்கட்டும்" என்று மண்ணை இடித்து இறுக்கி, அதற்கு மேலேயே முன்னறையைக் கட்டினார். ஒவ்வொரு மாரிக்கும் அந்த மூலையில் ஒரு கீறல் விடும். அவர் சீமெந்துப் பாலைப் பூசி மறைப்பார். எங்கள் பக்கத்தில் இப்படி நிற்கிற வீடு அது ஒன்று மட்டுமல்ல.

போன வருடம் மிளகாய்ப் பழம் பிடுங்குகிற நாட்களில் ஒரு நாள் யோகலிங்கம் கைத்தொலைபேசியோடு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார்.

"மச்சாள், இதை ஒருக்காப் பாருங்கோ."

முகநூலில் அதே கருப்புக் குதிரை, அதே மஞ்சள் வட்டம். பழைய தமிழ்ச் சித்திரக்கதை சேர்க்கிறவர்களுக்கு ஒரு குழு இருக்கிறதாம். அதிலே ஒரு பிரதியைப் பாரிஸில் உள்ள ஒருவர் நாற்பதாயிரத்துக்கு வாங்கியிருந்தார்.

"நாலரை ரூபாய்ப் புத்தகத்துக்கு நாற்பதாயிரமோ? ஆருக்கு விசர், யோகம்?"

அவர் சிரிக்கவில்லை. "இதில் என்னிடமும் உண்டு" என்று அந்தப் படத்துக்குக் கீழே தானும் எழுதிவிட்டுத்தான் வந்திருந்தார். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அடுத்த நாளே கனடாவிலிருந்து அஜந்தன் என்ற ஒரு பொடியன் தொலைபேசி எடுத்தான். முப்பது வயது இருக்கும். இந்த வியாபாரத்தில் ஊறினவன். ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"அண்ணை, ரெண்டு ரூபா போட்டது இந்தியாவில ஆயிரக்கணக்கில கிடக்கு. அதை ஒருத்தரும் மதிக்கமாட்டினம். நாலரை ரூபா போட்டது உலகத்திலயே நாலோ அஞ்சோதான். மிச்சமெல்லாம் சண்டையோட போயிட்டுது. உங்களிட்ட இருக்கிறது பொக்கிசம் அண்ணை. விக்க அவசரப்படாதேங்கோ, விலை ஏறும்."

ஏறியது. ஆனி பிறக்க ஒரு லட்சம் என்றான். ஆடியில் இரண்டு. ஆவணியில் மூன்றரை. அரிசி விலை ஏறினால் ஏன் ஏறுகிறது என்று சண்டை பிடிக்கலாம். இது என்ன விலை, யார் ஏற்றுகிறார்கள், யார் கொடுக்கிறார்கள் ஒன்றும் விளங்கவில்லை. சந்தோசப்பட வேண்டிய விசயம்தான். எனக்கு என்னவோ அது நல்லதாகப் படவில்லை. யோகலிங்கமோ வெயிலில் நின்று தண்ணீர் மாறும்போதும் தனக்குள்ளே சிரித்துக்கொண்டார். ஆயுள் முழுக்கப் பகிடி பண்ணப்பட்ட மனிதர், முதல் தடவையாக ஒருவன் தன்னை மதித்துப் பேசக் கேட்கிறார். அதையும் நான் பார்த்தேன்.

முன்னறை நிலத்தை வெட்ட மேசன் பரமலிங்கத்தைக் கூப்பிட்டார். அந்த நிலத்துக்குச் சீமெந்து போட்டதும் பரமலிங்கம்தான். சீமெந்து வெட்டுகிற கிறைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"நல்ல நிலத்தை ஏன் அண்ணை வெட்டுறியள்?"

"கீழ ஒரு பெட்டி கிடக்கு பரமலிங்கம்."

"என்ன பெட்டி?"

"புத்தகப் பெட்டி."

பரமலிங்கம் எழும்பிப் போய்க் கதவைத் தானே சாத்திவிட்டு வந்தார்.

"விளங்குது. என்னட்டை ஒண்டும் சொல்ல வேண்டாம். எனக்கும் ஒரு பங்கைத் தந்தால் காணும்."

யோகலிங்கம் இதை ஒரு பகிடியாக என்னிடம் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. சண்டை முடிந்த காலத்திலிருந்து இந்த மண்ணுக்கு அடியில் யாரோ புதைத்த தங்கம் கிடக்கிறது என்ற கதை ஓயவில்லை. அங்கே தாட்டது, இங்கே தாட்டது என்று பெக்கோ மெசின் கொண்டுவந்து தோண்டுவார்கள். நாள் முழுக்கத் தோண்டினால் தண்ணீர்தான் வரும். கள்ளமாகத் தோண்டிப் பிடிபடுகிறவர்களும் உண்டு. வீட்டு நிலத்தை உடைத்துப் படக்கதைப் புத்தகம் எடுக்கிறேன் என்றால் இந்த ஊரில் எவன் நம்புவான்?

நேரே போய்க் கேட்டேன்.

"யோகம், இந்த வீடு ஆரின்ர பேரில கிடக்கு?"

"தர்சினியின்ர பேரில மச்சாள்."

"அவளுக்கு இதை விட்டால் வேற என்ன இருக்கு? ஓடி ஓடிக் களைச்சு, கடைசியாக் கிடைச்ச கூரை. அதுக்குக் கீழ கிடங்கு வெட்டுறீரே!"

"ஒரு புத்தகத்தை எடுத்தாலே காணும் மச்சாள். அந்த மூலையை இடிச்சுப்போட்டு வடிவாக் கட்டலாம். அவளுக்காகத்தான்."

தர்சினி மாவை அரித்துக்கொண்டிருந்தாள். பிறகு தனியாக என்னிடம் சொன்னாள். "அக்கா, அந்த மனிசன் கட்டின நாள் தொட்டு எனக்கு இது வேணும் எண்டு ஒண்டும் கேட்டதில்லை. எப்பிடி மாட்டன் எண்டிறது?" மகள் டக்சாயினியை மட்டும் படுக்க என் வீட்டுக்கு அனுப்பினாள்.

நிலத்தை வெட்டிக் கொடுத்ததோடு பரமலிங்கத்தை அனுப்பிவிட்டு யோகலிங்கம் தானே தோண்டினார். பகலில்தான், கதவைச் சாத்திக்கொண்டு. மண்ணைச் சீமெந்துப் பைகளில் அள்ளித் தேசிக்காய் மரத்தடியில் கொட்டினார். அந்தச் செம்மண் கும்பி உயர உயர ஒழுங்கையால் போகிற சைக்கிள்கள் மெதுவாகப் போகத் தொடங்கின. பனங்குற்றிகள் உக்கிப்போயிருந்தன. அவற்றை இழுத்தபோது சுவருக்குக் கீழே இருந்த மண்ணும் சேர்ந்து வந்தது. கடைசியில் அலவாங்குக் கம்பி தகரத்தில் தட்டுப்பட்டது.

பெட்டியை என் முற்றத்துக்குக் கொண்டுவந்து திறந்தார்கள். தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. ஆனால் யூரியா பைகளுக்குள் புத்தகம் புத்தகமாக இருந்தது. கருப்புக் குதிரை கருப்பாகவே நின்றது. மஞ்சள் வட்டம் மஞ்சளாகவே இருந்தது. யோகலிங்கம் வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைப்பானேன்? நாங்கள் தாட்டுவிட்டுப் போன தையல் மெசினும் செம்பும் குத்துவிளக்கும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. இது ஒன்றாவது அப்படியே வந்திருக்கிறது.

இங்கே தாட்ட சாமான் எதை எடுத்தாலும் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, எல்லாம் வந்துவிட்டதா என்று பார்ப்போம். அது எங்கள் சனத்துக்குக் கை கண்ட பழக்கம். யோகலிங்கமும் பாயை விரித்தார். ஒவ்வொரு புத்தகமாக, வட்டம் தெரிய, வரிசையாகப் பரப்பினார். பாய் போதாமல் என்னிடம் இன்னொரு பாய் வாங்கி விரித்தார். பிறகு கதிரையில் ஏறி நின்று, அத்தனையும் தெரியப் படம் எடுத்து அஜந்தனுக்கு அனுப்பினார்.

உடனே தொலைபேசி அடித்தது. அஜந்தன்தான்.

"அண்ணை, உது எத்தினை?"

"எழுபது எண்பது வரும் தம்பி. ஒண்டும் பழுதாகேல்லை!"

"வேற ஆருக்கும் படத்தைக் காட்டினனீங்களோ?"

"இல்லை."

"காட்டிப்போடாதேங்கோ. அஞ்சு இருக்கேக்கைதான் அண்ணை அது மூண்டரை லட்சம். எண்பது இருக்கெண்டு தெரிஞ்சால் அது வெறும் நாலரை ரூபாப் புத்தகம்."

யோகலிங்கம் எங்களைப் பார்த்தார். நாங்கள் பாயைப் பார்த்தோம்.

"அப்ப என்ன செய்யிறது தம்பி?"

"ரெண்டை வைச்சுக்கொண்டு மிச்சத்தை எரியுங்கோ. ஒண்டை நான் வாங்கிறன். ஆனா எரிக்கிறதை வீடியோ எடுத்து அனுப்பவேணும். இல்லாட்டி நான் நம்பமாட்டன்."

அவர் எரிக்கவில்லை. பெட்டிக்குப் பதிலாக ஒரு கடதாசி மட்டைப் பெட்டி தேடி, எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். கிடங்கை மண்ணால் நிரப்பி மூடினார். பிறகு மாரி தொடங்கியது. நிரப்பிய மண் தண்ணீர் குடித்துக் கீழே இறங்கியது. மூலையில் இருந்த கீறல் கை நுழையும் வெடிப்பாகி, யன்னலுக்கு மேலே ஏறி, கூரை மட்டத்துக்குப் போனது. உள்ளே படுத்தால் சுவருக்குள் மண் உதிர்கிற சத்தம் கேட்கும் என்று தர்சினி சொன்னாள். பனங்குற்றியால் முண்டு கொடுத்தார்கள்.

ஒரு நாள் காலையில் அவள் மட்டைப் பெட்டியை இழுத்து முற்றத்தில் போட்டாள்.

"எரியுங்கோப்பா. எனக்கு வீடு வேணும்."

கிளறின மண்ணில் நெருப்பு மூட்ட எங்கள் ஊரில் யாரும் துணியமாட்டார்கள். கீழே என்ன கிடக்கிறதென்று தெரியாது. ஆகையால் பாதியாக வெட்டிய ஒரு தகரப் பீப்பாவுக்குள் மூட்டினார்கள். டக்சாயினி வீடியோ எடுத்தாள். யோகலிங்கம் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, அட்டையைத் துடைத்து, வட்டத்தைப் பார்த்து, உள்ளே போட்டார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மச்சாள், செல்லடிக்கு எரியேல்லை. மழைக்குக் கரையேல்லை. கறையான்கூடத் தின்னேல்லை. நான் எரிக்கிறதோ?"

நான் அடுத்த புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அஜந்தன் சொன்னபடி ஒன்றை வாங்கினான். காசும் ஒழுங்காக வந்தது. அந்தக் காசில் மூலையைத் தோண்டிக் கொங்கிறீற் போட்டு, வெடித்த சுவரை இடித்துக் கட்டி, நிலத்துக்கும் புதிதாகச் சீமெந்து போட்டார்கள். வேலைக்குப் பரமலிங்கத்தைக் கூப்பிட்டபோது அவர் வரவில்லை. "பங்கு போட்டு முடிஞ்சுதாக்கும்" என்று கடையடியில் சொன்னாராம். புதுக்குடியிருப்பிலிருந்து வேறு மேசன் வந்து கட்டினான். மிச்சம் இருந்த ஒரு பிரதியைத் தர்சினி பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்குள் சேலைக்கு நடுவில் வைத்தாள். டக்சாயினியின் படிப்புக்கு ஆகும் என்று.

கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. பிறகு எரித்த வீடியோ எப்படியோ அந்தக் குழுவுக்குள் வந்துவிட்டது. அஜந்தன் தான் போடவில்லை என்றான். ஜெர்மனியிலிருந்தும் சென்னையிலிருந்தும் தெரியாத ஆட்கள் எடுத்தார்கள். "இவ்வளவை எரிச்ச ஆள் எவ்வளவை ஒளிச்சு வைச்சிருப்பியள்?" என்று சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். இல்லை என்றால் விலையைக் கூட்டினார்கள். யோகலிங்கம் தொலைபேசியை நிறுத்தி வைத்தார்.

தொலைபேசியை நிறுத்தலாம், ஒழுங்கையை நிறுத்த முடியாது. இலக்கத் தகடு இல்லாத ஒரு மோட்டார் சைக்கிள் வாரத்தில் இரண்டு தரம் வந்து தேசிக்காய் மரத்தடியில் நின்றுவிட்டுப் போகும். அரசாங்கக் கந்தோரிலிருந்து வருகிறோம், வீடு அளக்க வேண்டும் என்று இரண்டு பேர் வந்தார்கள். முன்னறையை மட்டும் அளந்தார்கள். எந்தக் கந்தோர் என்று நான் கேட்டதற்கு, "உங்களுக்கேன் அம்மா?" என்றான் ஒருவன். அவன் கையில் இருந்தது அளக்கிற நாடா அல்ல. துணியால் சுற்றிய, கண்ணிவெடிக்காரர் இரும்பு தேடப் பிடிக்கிறதைப் போன்ற நீளமான ஒரு சாமான். நிலத்தின்மேல் பிடித்தபோது கீச்சென்று கத்தியது. உள்ளே புதுக் கொங்கிறீற்றுக்குப் போட்ட கம்பி. அதற்குக் கத்தாமல் வேறு என்ன செய்யும்? அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோகலிங்கம் பொலிசுக்குப் போகப் பயந்தார். நிலத்தைத் தோண்டிய ஆள் என்று தன்னையே பிடித்துவிடுவார்கள் என்றார்.

இந்த வருடம் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தது. வீடு விழாமல் நின்றால் அம்மனுக்குப் பொங்குவேன் என்று தர்சினி மாரியிலேயே நேர்ந்திருந்தாள். யோகலிங்கம் தான் காவலுக்கு நிற்கிறேன் என்றார். "புருஷனில்லாமல் என்ன நேர்த்தி?" என்று அவரைக் கிளப்பியது நான்தான். அன்றைக்கு இரவு எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்கவில்லை. எல்லாரும் கோயிலில்தான் நின்றோம். கண்ணகை அம்மனுக்கு முன்னால் தர்சினி பொங்கிப் படைத்து, பானை நன்றாகப் பொங்கிச் சரிந்தது என்று சந்தோசமாக அழுதாள்.

காலை வெயில் ஏறும்போது திரும்பி வந்தோம். வேலிப் படலை திறந்து கிடந்தது. முன்னறைக்கு நிலமே இல்லை. புதுக் கொங்கிறீற்றை உடைத்து, பழைய பங்கரையும் தாண்டி, ஊற்றுத் தண்ணீர் வருமட்டும் தோண்டியிருந்தார்கள். ஏதோ மெசின் கொண்டுவந்திருக்க வேண்டும், கையால் வெட்டின கிடங்கல்ல அது. இரண்டு பக்கச் சுவரும் அதற்குள் சரிந்து, கூரை ஒரு பக்கமாகத் தொங்கியது. மிச்சம் நின்ற சுவர்களின் வெடிப்புகளிலும் வானம் தெரிந்தது. கிடங்குக்குள் கம்பியையும் கல்லையும் சேற்றையும் தவிர ஒன்றும் இல்லை.

போகிற ஆத்திரத்தில் அலுமாரியையும் கவிழ்த்திருந்தார்கள். சேலைகள் முற்றமெல்லாம் கிடந்தன. படலையடியில் பொலித்தீன் கிழிந்து, சேற்றுக்குள் முகம் குப்புற அந்தப் புத்தகம் கிடந்தது. லட்சக்கணக்கில் பெறுமதியான சாமானை இது என்ன குப்பை என்று எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யோகலிங்கம் அதை எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்தார். அட்டையில் யாரோ மிதித்த சப்பாத்து அடையாளம், சரியாக அந்த மஞ்சள் வட்டத்தின்மேல். துடைக்கத் துடைக்க விலை அழிந்துகொண்டு போனது. அவர் நிறுத்தவில்லை.

"விடும் யோகம், காணும்" என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

டக்சாயினி ஓங்கி அழுதாள். தர்சினி அழவில்லை. முற்றத்தில் கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உதறி, ஒரு பெட்சீற்றில் போட்டு நாலு மூலையையும் சேர்த்துக் கட்டினாள். எத்தனையோ தரம் கட்டிப் பழகிய கை, முடிச்சு ஒரே தடவையில் விழுந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வேலியடிக்கு வந்தாள்.

"அக்கா, உங்கட வீட்டில மூண்டு பேர் படுக்க இடம் இருக்கோ?"